கல்லீரல் நலத்துக்கு எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம்: பெங்களூரு தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர்களிடம் வருடாந்திர ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். வயிற்று ஸ்கேன் பக்கத்தில் "ஃபேட்டி லிவர், கிரேட் 1" என்ற வரி பலருக்கும் இருக்கும். அதற்கு அப்புறம் நடப்பதும் அநேகமாக ஒரே மாதிரிதான். ஊரிலிருந்து அத்தை போன் செய்து கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்வார். ஆபீஸ் நண்பர் ஆப்பிள் சிடர் வினிகர் என்பார். லால்பாக் வாசலில் காலை நடைக்காரர்களுக்காக விற்கிற பச்சைச் சாறு இரண்டு வாரம் ஓடும். பிறகு எல்லாம் மறந்துபோய், அடுத்த வருட ஸ்கேனில் "கிரேட் 2" என்று வரும்.

இந்த வழிகாட்டியில் புதிதாகச் சேர்க்க வேண்டியது குறைவு, குறைக்க வேண்டியதுதான் அதிகம். உள்ளே வரும் பாரத்தைக் குறைத்தால் கல்லீரல் தன்னைத்தானே பெருமளவு சரிசெய்துகொள்ளும். அதைத் தொடங்க வேண்டிய இடம் சாப்பாட்டுத் தட்டு கூட இல்லை. டம்ளர்தான். அதனால் குடிக்கிற விஷயங்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

வலது விலா எலும்புகளுக்குக் கீழே, சுமார் ஒன்றரை கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை அது கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும். ஆனால் அந்தக் கிடங்கு சின்னது, சுமார் 100 கிராம்தான் கொள்ளும். அது நிரம்பிய பிறகும் சோறும் சர்க்கரையும் வந்துகொண்டே இருந்தால், மிச்சம் கொழுப்பாக மாறுகிறது. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாத் தசைகளும் பயன்படுத்திக்கொள்ளும்; ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல்தான். எண்ணெயே தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு சேர்வது இப்படித்தான்.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு தேங்கினால் அது ஃபேட்டி லிவர். பலருக்கு அந்த நிலையிலேயே நின்றுவிடும். சிலருக்கு அழற்சி வந்து, தழும்பு விழுந்து, சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்கம் வரை போகும். வலி இருக்காது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். மது அருந்தாதவர்களுக்கு வரும் ஃபேட்டி லிவரை 2021இல் மத்திய அரசு சர்க்கரை நோய், இதய நோய்க்கான தேசியத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. ரிப்போர்ட்டில் என்.ஏ.எஃப்.எல்.டி. என்றோ, 2023இல் வந்த புதிய பெயரான எம்.ஏ.எஸ்.எல்.டி. என்றோ எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், விஷயம் ஒன்றுதான்.

படி 1: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல், பெண்களுக்கு 80க்கு மேல் என்றால் கவனம் தேவை. பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்குக் கோடு தாழ்வானது. இந்தியர்களுக்கு 23இலேயே அதிக எடை தொடங்குகிறது, 25இலேயே உடல்பருமன். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 66 கிலோவைத் தாண்டினாலே எச்சரிக்கை. "நான் ஒல்லிதானே" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. கை கால் மெலிந்து தொப்பை மட்டும் இருக்கும் உடல்வாகு நம் ஊரில் சர்வசாதாரணம், அவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும்.

ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் நார்மல் என்று வந்தாலும் ஃபேட்டி லிவர் இல்லை என்று அர்த்தமாகாது. வயது, அந்த இரண்டு எண்கள், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது 1.3க்குக் கீழே இருந்தால் (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2க்குக் கீழே) பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதற்கு மேல் போனால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கேனில் வரும் "கிரேட்" கொழுப்பு எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டுமே சொல்லும், தழும்பைச் சொல்லாது. கிரேட் 1 என்றால் நிம்மதி, கிரேட் 2 என்றால் அலறல் என்று இருக்க வேண்டாம்.

சர்க்கரை நோய், தைராய்டு, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் இருப்பவர்கள் அவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஸ்கேன் செய்யாமலே சந்தேகப்படலாம்.

படி 2: டம்ளரில் இருக்கும் சர்க்கரை

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வெளியிலிருந்து சேர்க்கிற சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரிக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். இப்போது உங்கள் நாளைக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அங்கேயே சுமார் 40 கிராம் போய்விட்டது. 300 மில்லி கோலா ஒன்று என்றால் இன்னும் 30 கிராமுக்கு மேல். இதுவரை ஒரு பருக்கை சோறு சாப்பிடவில்லை.

காபியை விட வேண்டாம். இது நல்ல செய்தி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு, சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் மூன்றும் குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நாளைக்கு இரண்டு, மூன்று கப் என்பது பெரும்பாலும் பேசப்படும் அளவு. பலன் காபியோடு சேர்ந்தது, அதில் கரையும் சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காபி பழக்கமே இல்லாதவர், படபடப்போ நெஞ்செரிச்சலோ உள்ளவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தர்ஷினி என்கிற நின்றபடி சாப்பிடும் டிபன் கடைகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பல இடங்களில் வரிசையாக அடுக்கிய டம்ளர்களில் சர்க்கரையை முன்பே போட்டு வைத்திருப்பார்கள். டோக்கனை நீட்டும்போதே "சக்கரே இல்லதே காபி கொடி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டால் தனியாகக் கலந்து தருவார்கள். திடீரென்று நிறுத்த முடியாவிட்டால் முதல் இரண்டு வாரம் "சக்கரே கம்மி". நாக்கு பழக அவ்வளவு நாள் போதும். பை-டூ காபி என்கிற பெங்களூரு வழக்கமும் ஈரலுக்கு உகந்ததுதான், பாதி டம்ளர் பாதிச் சர்க்கரை. சர்க்கரைக்குப் பதில் வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறினால் கல்லீரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. காலையில் வெந்நீரில் தேன் கலந்து "கொழுப்பைக் கரைக்கிறவர்கள்" தேனையும் சர்க்கரைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அடுத்தது ஜூஸ் கடை. இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் ஜூஸ் என்று விற்கும் வெண்ணெய்ப்பழ மில்க் ஷேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழம் உண்மையிலேயே நல்ல கொழுப்பு உள்ளது. ஆனால் அதில் மூன்று கரண்டி சர்க்கரை விழும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? திராட்சை, ஆரஞ்சு, கரும்புச் சாறு எல்லாம் இதே கதை. நாலு ஆரஞ்சின் சர்க்கரையை நார்ச்சத்து இல்லாமல் இரண்டு நிமிடத்தில் உள்ளே தள்ளுகிறோம். ஹாப்காம்ஸ் என்கிற தோட்டக்கலைக் கூட்டுறவுக் கடையில் அதே பழத்தை வாங்கி, உரித்துச் சாப்பிடுங்கள். நாளைக்கு ஒன்று, இரண்டு பழம் தாராளமாகப் போகலாம். ஃபேட்டி லிவர் என்றதும் மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் விலக்கிவிட்டு மால்ட் பானம் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

குடிக்க வேறு என்ன? நீர் மோர், உப்பு குறைவாக. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை இல்லாமல். இளநீர் நாளைக்கு ஒன்று, சர்க்கரை நோய் இருந்தால் கேட்டுவிட்டு. ஆபீஸ் பேன்ட்ரியில் இலவசமாகக் கிடைக்கிற டெட்ரா பேக் ஜூஸை இலவசம் என்பதற்காகவே எடுக்கிற பழக்கத்தை விடுவது மட்டும் வருடத்துக்குக் கிலோக் கணக்கில் சர்க்கரையைக் குறைக்கும்.

படி 3: மது. இங்கே நேராகப் பேசலாம்

பப் நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் இதைத் தவிர்த்துவிட்டு ஈரலைப் பற்றி எழுத முடியாது. மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் பிரிவில் அது நெடுங்காலமாக இருக்கிறது.

"பீர்தானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டு விஸ்கி, ரம், பிராந்தியில் பொதுவாக 42.8 சதவீத ஆல்கஹால். 30 மில்லி சின்னப் பெக்கில் சுமார் 10 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர், நாலு சின்னப் பெக். சாதாரண 5 சதவீத பீர் பாட்டில் என்றால் இரண்டரைப் பெக். கர்நாடகத்தில் புழங்குகிற 90 மில்லி பாக்கெட் மூன்று பெக், குவார்ட்டர் என்றால் ஆறு. விலை உயர்ந்த பாட்டிலோ, கோரமங்கலாவின் கிராஃப்ட் பீரோ, கல்லீரலுக்குத் தெரிவது கிராம் கணக்கு மட்டும்.

ஏற்கெனவே ஃபேட்டி லிவர் இருந்தால் என் கருத்து பூஜ்யம்தான். கொழுப்பும் மதுவும் சேர்ந்தால் தழும்பு விழும் வேகம் கூடுகிறது. வாரம் முழுக்க விரதம் இருந்து வெள்ளி இரவில் மொத்தமாகக் குடிப்பது தினமும் கொஞ்சம் குடிப்பதைவிட மேலானது என்று நினைக்க வேண்டாம். பெண்களுக்கு அதே அளவு இன்னும் அதிகக் கேடு செய்யும். அதோடு வருகிற சைட் டிஷ்ஷையும் மறக்காதீர்கள்: சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், காங்கிரஸ் கடலைக்காய் என்று உப்பும் எண்ணெயுமாக ஒரு முழு வேளைச் சாப்பாட்டுக் கலோரி அங்கேயே முடிந்துவிடும், அதற்கு மேல் நள்ளிரவு பிரியாணி.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர், இதைப் படித்துவிட்டு நாளை முதல் ஒரே அடியாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், சித்தம் குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

படி 4: தர்ஷினியும் வீட்டுத் தட்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரிக்கு ஒரு நாள் தட்டு இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய்கறி கீரை 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை விதைகள் 35, எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்காத நிலையில் எடுத்த எடை. அந்த 250 கிராமில் இட்லி, தோசை, சப்பாத்தி, சோறு, ரவை, பிரெட் எல்லாம் அடங்கும். காலையில் தோசை, மதியம் இரண்டு முறை சோறு, மாலையில் பன், இரவில் சப்பாத்தி "டயட்" என்றால் கோட்டா மதியமே தாண்டிவிடும்.

எளிய வழி, தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு. தமிழ்ச் சாப்பாட்டில் சோற்று மலையின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல் வைப்போமே, அதைத் தலைகீழாக்க வேண்டும். காயை முதலில் சாப்பிட்டுவிட்டால் சோறு தானாகக் குறையும்.

காலை உணவுக்கு வெளியே போகிறவர்கள் அதிகம் என்பதால் தர்ஷினி மெனுவைப் பார்ப்போம். இட்லி, சாம்பார் நல்ல தேர்வு. வடையை வாரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். பென்னே மசால் தோசை பெயரிலேயே வெண்ணெயை வைத்திருக்கிறது, தினமும் சாப்பிட வேண்டியது இல்லை. சௌ சௌ பாத்தில் ஒரு பாதி காரா பாத், மறு பாதி கேசரி. கேசரியை விட்டுவிட்டுக் காரா பாத் மட்டும் வாங்கலாம், ஆனாலும் அது ரவையும் எண்ணெயும்தான், பக்கத்தில் புரதம் எதுவும் இல்லை. பெங்களூரு சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களே என்று நம் ஆட்கள் வருஷக்கணக்கில் புலம்புவது உண்டு. ஈரலைப் பொறுத்தவரை அந்தத் துளி வெல்லத்தை மன்னித்துவிடலாம், அதே வாயால் கேட்கிற பாதாம் பாலைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த ஊரின் சமையலில் கல்லீரலுக்கு நல்லது நிறைய இருக்கிறது, நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களியில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம். அதுவும் மாவுச்சத்துதான், எனவே ஒரு உருண்டை போதும். அதோடு தொட்டுக்கொள்கிற சொப்பு சாரு, கீரையும் பருப்பும் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் மடிவாளா, கே.ஆர். மார்க்கெட்டெல்லாம் அவரேக்காய் வாசம் வரும். நம் மொச்சையின் உறவு. தோலுரித்த பருப்பில் வைக்கும் குழம்பு புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் அருமை. காய்கறி நறுக்க நேரமில்லாதவர்கள் தண்டுக்கீரை, வெந்தயக்கீரை ஒரு கட்டு வாங்கிப் பருப்போடு குக்கரில் போட்டால் முடிந்தது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் முதல் தேர்வு. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மத்தி, அயிலை கிடைக்கும், ஒமேகா-3 நிறைந்தவை, விலையும் வஞ்சிரத்தை விடக் குறைவு. குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முக்கி எடுக்காமல். முட்டை நாளைக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பரவாயில்லை. அதிலுள்ள கோலின் ஈரலிலிருந்து கொழுப்பை வெளியேற்ற உதவும் சத்து. ஆட்டு ஈரல் சாப்பிட்டால் நம் ஈரலுக்குப் பலம் என்பது வெறும் நம்பிக்கை. ருசிக்காக எப்போதாவது சாப்பிடலாம், கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது, வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் எந்த எண்ணெய் என்று சண்டை போடுவதைவிட எவ்வளவு என்று பாருங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி என மாற்றி மாற்றி வாங்கலாம். வனஸ்பதி வேண்டாம். தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது, ஆனாலும் பஃப்ஸ், காரா பன், தில்பசந்த் எல்லாம் மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் ஒன்று சேர்ந்த இடம். ஐயங்கார் பேக்கரியைக் கடந்து போவது இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி என்று ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் என்று தீர்மானித்துவிட்டு அன்று நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் இதில் சேரும்.

பிஜி எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டு அவர்கள் கையில் இல்லை. வெள்ளைச் சோறு, தண்ணியான பருப்பு, உருளைக்கிழங்கு, இதுதான் வரும். முளைகட்டிய பச்சைப்பயறு, வறுத்த கொண்டைக்கடலை, தயிர், வெள்ளரி, கேரட், எலக்ட்ரிக் கெட்டிலில் வேகவைத்த முட்டை. இதில் எதற்கும் அடுப்பு தேவையில்லை. பிஜி சோற்றைப் பாதியாக்கி இதில் இரண்டைச் சேர்த்தாலே தட்டு மாறிவிடும்.

படி 5: நேரம்

இரவு ஷிஃப்ட், அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக், பதினொரு மணிக்கு ஆப்பில் ஆர்டர். பலருக்கும் இதுதான் வாழ்க்கை. முடிந்தவரை தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். ஆபீஸிலேயே ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் டிராஃபிக்கில் பசி ஏறாது, வீட்டில் ஆப்பைத் திறக்கும் ஆசையும் குறையும். ஞாயிறு விடியற்காலையில் ஹொஸ்கோட்டே வரை பைக்கில் போய் பிரியாணி சாப்பிடுவது எப்போதாவது என்றால் ஒரு அனுபவம். வாராவாரம் என்றால் பழக்கம்.

படி 6: தண்ணீரும் சுத்தமும்

கொழுப்பையும் மதுவையும் மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடக் கூடாது. ஹெபடைடிஸ் ஏ, இ என்ற கல்லீரல் வைரஸ்கள் இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவி மஞ்சள் காமாலையைக் கொண்டுவருபவை. ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், உயிராபத்தாகலாம்.

காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டிச் சுத்திகரித்துத்தான் வருகிறது. கெடுவது நம் பக்கத்தில்: டேங்கர், போர்வெல், மாதக்கணக்கில் கழுவாத சம்ப் என்கிற தரையடித் தொட்டி. 2024 கோடைப் பஞ்சத்தில் எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் வந்தது என்று பல அபார்ட்மெண்ட்களில் யாருக்குமே தெரியவில்லை. சம்ப்பை வருடத்துக்கு இரண்டு முறையாவது கழுவச் சொல்லுங்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், சந்தேகமாக இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குமிழி விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு ஆறவிடுங்கள். வெளியே பானி பூரித் தண்ணீர், ஜூஸில் போடும் ஐஸ், வெட்டி வைத்த பழம் மூன்றிலும் கவனம். சூடாக, கண் முன்னால் எடுத்துத் தருகிற உணவு பாதுகாப்பானது.

ஹெபடைடிஸ் பி ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். தடுப்பூசி உண்டு, பெரியவர்களுக்கு வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்திலேயே போடுகிறார்கள், ஆனால் இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். ஒரு முறை பரிசோதித்து, தொற்று இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடலைக்காய் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திகை கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே என்கிற நிலக்கடலைச் சந்தை நடக்கும்போது மூட்டை மூட்டையாக வாங்கி வருவோம். நிலக்கடலை நல்ல உணவு. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும், கல்லீரல் புற்றுநோயோடு நேரடித் தொடர்புடையது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு ஈரல் பாதித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, வாயில் போட்டதும் கசப்பது எதுவாக இருந்தாலும் துப்பிவிடுங்கள். வாங்கியதை வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

படி 7: மாத்திரை, பொடி, சாறு

பாராசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பான மருந்து. டோலோ 650 போன்ற மாத்திரை ஆறு போட்டால் 3.9 கிராம், ஆரோக்கியமான பெரியவருக்கான ஒரு நாள் உச்சவரம்பான 4 கிராமைத் தொட்டுவிடும். தினமும் குடிக்கிறவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் பொதுவாக 2 கிராம்தான் எல்லை, அதாவது மூன்று மாத்திரை. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதால் அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இயற்கை என்பதால் எதுவும் செய்யாது என்ற நம்பிக்கைதான் இந்தப் பகுதியில் ஆபத்தானது. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கஷாயம் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். க்ரீன் டீ சாறு மாத்திரை, அதிக வீரியமுள்ள மஞ்சள் மாத்திரை, அஸ்வகந்தா ஆகியவற்றாலும் இப்படி நேர்ந்த பதிவுகள் உண்டு. சமையலில் போடும் மஞ்சளுக்கும் கப்பில் குடிக்கும் க்ரீன் டீக்கும் இது பொருந்தாது. ஜிம்மில் கொடுக்கும் பெயர் தெரியாத பவுடர், ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

கீழாநெல்லிக்கு வருவோம், அத்தை போனை வைக்க மாட்டார். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி இனத்தைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் சரியாகும். அந்த நேரத்தில் எது குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். அத்தையிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது, "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன் அத்தை" என்று முடித்துக்கொள்வது நல்லது.

லால்பாக் வாசல் சாறுகளில் சுரைக்காய்ச் சாறு கசந்தால் உடனே கொட்டிவிடுங்கள். கசக்கும் சுரைக்காயில் இருக்கும் நஞ்சால் ரத்த வாந்தி, சாவு வரை போயிருக்கிறது.

படி 8: எடை, நடை

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் என்றால் அழற்சியும் தணியும், 10ஐத் தாண்டினால் தழும்பே குறைய வாய்ப்புண்டு. 80 கிலோக்காரருக்கு முதல் இலக்கு 4 கிலோ, அவ்வளவுதான். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரலாம், ஈரலும் மோசமாகலாம். வாரம் 150 நிமிடம் வேகமான நடை, எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பைக் குறைக்கும். அல்சூர் ஏரிக்கரை, கப்பன் பார்க், அபார்ட்மெண்ட் மாடிப்படி, எங்கே நடந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தாதவர்கள்

சிரோசிஸ் வந்தவர்களுக்கு விதிகள் வேறு. ஈரல் நோய் என்றால் பருப்பு, முட்டை கூடாது, கஞ்சி மட்டும் என்று வீடுகளில் பத்தியம் வைப்பார்கள். அது தசையைக் கரைத்துவிடும். அவர்களுக்குப் பெரும்பாலும் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை, நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, படுக்கும் முன் சின்னதாக ஒரு சிற்றுண்டி வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பைக் கடுமையாகக் குறைக்க வேண்டும். எடை குறைப்பு, விரதம் எதையும் அவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சுகர் இறங்கிவிடும், மருந்தளவை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

படி 9: மூன்று மாதம் கழித்து

இடுப்பளவையும் எடையையும் மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் எஸ்.ஜி.பி.டி., சுகர், டிரைகிளிசரைடு மறுபடி பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், எடுக்கிற எல்லா மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்துப் பொடிகளின் டப்பா, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்ற உண்மையான கணக்கு நான்கையும் கொண்டுபோங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலானவர்கள் பாதியாகச் சொல்வார்கள், அதை வைத்துத்தான் சிகிச்சையே மாறும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, வயிறோ காலோ வீங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். ரத்த வாந்தி, தார் போல் கறுப்பு மலம், நேரம் காலம் தெரியாமல் குழம்புவது என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. ஆம்புலன்ஸ் எண் 108.